கூட்டிப் பார்க்க ஆளில்லாத கணக்கு

சிறப்புப் பாடத்திட்டத்தால் பல பகுதி மாணவர்களை ஈர்க்கும் அமெரிக்காவின் மேக்னெட் உயர்நிலைப் பள்ளிகளில் வீட்டுப்பாடம் மாணவர்களின் இரவை விழுங்கிக்கொண்டிருக்கிறது. பாடம் கடினமாகவே இருக்கட்டும். அது கேட்கும் மொத்த நேரத்துக்கு ஒரு வரம்பு வேண்டும்.

வாஷிங்டனைச் சுற்றியுள்ள மேரிலாந்து, வர்ஜீனியா புறநகர்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரே பேச்சுதான்: மேக்னெட்டில் இடம் கிடைக்குமா? மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுன்டியில் மான்ட்கோமரி பிளேர் உயர்நிலைப் பள்ளியின் அறிவியல், கணிதம், கணினியியல் மேக்னெட் திட்டம் இருக்கிறது. வர்ஜீனியாவின் ஃபேர்ஃபாக்ஸ் கவுன்டியில் தாமஸ் ஜெஃபர்சன் அறிவியல் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. இரண்டும் 1985-இல் தொடங்கியவை. இரண்டும் அரசு நடத்துபவை. கல்விக் கட்டணம் கிடையாது. பிளேரில் சுமார் மூவாயிரம் பேர் படிக்கிறார்கள். மேக்னெட் திட்டத்தில் ஆண்டுக்கு நூறு பேரளவில்தான் இடம். அந்த நூற்றில் ஒன்றுக்காக நடக்கும் போட்டியில் தமிழ்க் குடும்பங்களும் முன்வரிசையில் நிற்கின்றன. இடம் வாங்குவது எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். இடம் கிடைத்த பிறகு பிள்ளையின் ஒரு நாள் எப்படி இருக்கும், இரவு எத்தனை மணிக்கு அது படுக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் பதில் சொல்லும் பொறுப்பு பள்ளியில் யாரிடமும் இல்லை. இந்தக் கட்டுரையின் வாதம் அந்த வெற்றிடத்தைப் பற்றியது.

மேக்னெட் பள்ளிகளின் பாடத்திட்டம் தரமானது. பதினைந்து வயதில் கல்லூரி அளவிலான இயற்பியலையும், தரவுக் கட்டமைப்புகளையும், ஆய்வு முறைகளையும் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு உலகில் மிகச் சிலருக்கே கிடைக்கிறது. அதை நீர்க்கச் செய்ய வேண்டும் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் பாடத்தின் ஆழம் வேறு, பாடம் கேட்கும் மணிநேரம் வேறு. ஒரு கணக்கு கடினமாக இருப்பதால் பிள்ளை வளர்கிறது. அதே வகைக் கணக்கு முப்பதை இரவு பதினொன்றரைக்குப் போட்டு முடிப்பதால் பிள்ளை களைத்துப் போகிறது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, சுமை கூடினால் தரம் கூடும் என்று பள்ளிகளும் பெற்றோரும் நம்பத் தொடங்கியதே இன்றைய நிலைக்கு வேர்.

ஒரு நாளின் கூட்டல்

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மான்ட்கோமரி கவுன்டியின் உயர்நிலைப் பள்ளிகள் 2015 வரை காலை 7.25-க்குத் தொடங்கின, அந்த ஆண்டு இருபது நிமிடம் தள்ளி 7.45 ஆக்கினார்கள். பள்ளி மதியம் 2.30-க்கு முடியும். மேக்னெட் மாணவர் பக்கத்துத் தெருவிலிருந்து வருபவர் அல்லர். கவுன்டியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வருபவர். தாமஸ் ஜெஃபர்சனுக்கோ ஃபேர்ஃபாக்ஸைத் தாண்டி லவுடன், பிரின்ஸ் வில்லியம் கவுன்டிகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். ஒரு வழிப் பயணத்துக்கு ஒரு மணிநேரம் என்று வைத்துக்கொண்டால், 7.45 மணிப் பள்ளிக்குக் காலை 6.30-க்கு பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும், ஆறு மணிக்குள் எழுந்திருக்க வேண்டும். மாலை வீடு திரும்ப நான்கு மணியை நெருங்கிவிடும். எட்டு மணிநேரம் தூங்க வேண்டுமானால் பத்து மணிக்குக் கண் மூட வேண்டும். ஆக, கையில் இருப்பது ஆறு மணிநேரம். குளியல், சாப்பாடு, வீட்டாரோடு நாலு வார்த்தை, கொஞ்சம் ஓய்வு இவற்றுக்கு இரண்டு மணிநேரம் போகும். ரோபாட்டிக்ஸ், இசைக்குழு, விளையாட்டு, பாட்டு அல்லது பரதநாட்டிய வகுப்பு என்று ஏதாவது ஒன்றுக்கு இரண்டு மணிநேரம். மீதி இரண்டு மணிநேரம். ஏழு பாடங்கள், ஒவ்வொன்றிலும் வெறும் அரைமணிநேர வீட்டுப்பாடம் என்று வைத்தாலே மூன்றரை மணிநேரம் ஆகிறது. பற்றாக்குறை ஒன்றரை மணிநேரம். அது எங்கிருந்து வரும்? தூக்கத்திலிருந்துதான் வரும், வேறு எதிலும் எடுக்க இடமில்லை. எந்த ஆசிரியரும் கொடுமை செய்யாத, எந்தத் தேர்வும் இல்லாத, சாதாரணமான ஒரு செவ்வாய்க்கிழமையின் நிலை இது.

இதையே வாரக் கணக்காகப் பார்த்தால் நிலைமை இன்னும் தெளிவாகும். பள்ளியில் சுமார் 34 மணிநேரம். வார நாட்களின் வீட்டுப்பாடம் பதினேழரை மணிநேரம். சனி ஞாயிறில் ஐந்து மணிநேரம். மொத்தம் 56 மணிநேரத்துக்கு மேல். பயணத்தைச் சேர்த்தால் 65-ஐத் தாண்டும். அமெரிக்காவில் வயதுவந்தவரின் முழுநேர வேலை வாரத்துக்கு 40 மணிநேரம். அந்நாட்டின் மத்தியத் தொழிலாளர் சட்டம் 14, 15 வயதுப் பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்வதற்குத் திட்டவட்டமான வரம்பு வைத்திருக்கிறது: பள்ளி நாளில் மூன்று மணிநேரம், பள்ளி வாரத்தில் 18 மணிநேரம், பள்ளிக்காலத்தில் இரவு ஏழு மணிக்கு மேல் கூடாது. வளரும் பிள்ளையின் உடலும் படிப்பும் கெடக் கூடாது என்பதே அந்த வரம்பின் நோக்கம். வீட்டுப்பாடம் கூலிவேலை ஆகிவிடாது என்பது உண்மை. ஆனால் பதினைந்து வயது உடலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டிருக்கும்போது, அதே உடலைப் படிப்பின் பெயரால் எல்லையின்றி வேலை வாங்கலாம் என்று எந்த நியாயத்தில் சொல்வது?

ஆய்வுகள் காட்டும் வரம்பு

வீட்டுப்பாடம் பயனற்றது என்று ஆய்வுகள் சொல்லவில்லை. டியூக் பல்கலைக்கழகத்தின் ஹாரிஸ் கூப்பரும் அவர் குழுவினரும் 1987 முதல் 2003 வரை வெளிவந்த அமெரிக்க ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். உயர்நிலை வகுப்புகளில் வீட்டுப்பாடத்துக்கும் கல்வித் தேர்ச்சிக்கும் நல்ல தொடர்பு இருப்பதாகவே அவர்கள் கண்டார்கள். ஆனால் அந்தப் பயனுக்கு ஓர் உச்சம் இருக்கிறது. இரவுக்கு ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை மணிநேரம் வரை ஏறி, அதன் பிறகு நின்றுவிடுகிறது. வகுப்புக்குப் பத்து நிமிடம் என்று அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாகச் சொல்லப்படும் வழிகாட்டு நெறியை அமெரிக்கத் தேசியப் பெற்றோர்–ஆசிரியர் சங்கமும் தேசியக் கல்விச் சங்கமும் ஏற்றிருக்கின்றன. அதன்படி ஒன்பதாம் வகுப்புக்கு 90 நிமிடம், பன்னிரண்டாம் வகுப்புக்கு இரண்டு மணிநேரம். இது எல்லாப் பாடங்களுக்கும் சேர்த்து என்பதை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி நிறுவனம் நடத்திய 2012 பீசா தேர்வின் தரவுகளும் இதே திசையைக் காட்டுகின்றன. உறுப்பு நாடுகளின் பதினைந்து வயது மாணவர்கள் சராசரியாக வாரத்துக்கு ஐந்து மணிநேரத்துக்குச் சற்றுக் குறைவாகவே வீட்டுப்பாடம் செய்தார்கள்; வாரத்துக்கு நான்கு மணிநேரம் என்ற அளவைத் தாண்டிய பிறகு கூடுதல் நேரத்தால் கிடைக்கும் பலன் மிகச் சொற்பம் என்பது அந்த நிறுவனத்தின் முடிவு. பின்லாந்து மாணவர்கள் மூன்று மணிநேரத்துக்கும் குறைவாக எழுதி நல்ல இடத்தில் நின்றார்கள். ஷாங்காய் மாணவர்கள் பதினான்கு மணிநேரத்தை நெருங்கி எழுதி முதலிடத்தில் நின்றார்கள். எனவே மணிநேரத்தை மட்டும் வைத்து ஒரு நாட்டின் கல்வியை அளக்க முடியாது.

மேக்னெட் மாணவர்களுக்கு மிக நெருக்கமான சூழலில் நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மாலி கேலவே, ஜெருஷா கானர், ஸ்டான்ஃபோர்டின் டெனிஸ் போப் ஆகிய மூவரும் கலிபோர்னியாவின் வசதியான பகுதிகளில் உள்ள, தேர்ச்சியில் முன்னணியில் நிற்கும் பத்து உயர்நிலைப் பள்ளிகளில் 4,317 மாணவர்களிடம் விசாரித்தார்கள். இரவுக்குச் சராசரி 3.1 மணிநேர வீட்டுப்பாடம். தங்கள் மன அழுத்தத்தின் முதன்மைக் காரணம் வீட்டுப்பாடமே என்றவர்கள் 56 சதவீதம். தேர்வு என்றவர்கள் 43 சதவீதம். வீட்டுப்பாடத்தால் தங்களுக்கு அழுத்தமே இல்லை என்றவர்கள் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மாணவர்கள் எழுதிய பதில்களில் திரும்பத் திரும்ப வந்த புகார் ஒன்று உண்டு. தரும் வேலையில் பல, எதையும் கற்றுத் தராத, மதிப்பெண்ணுக்காக மட்டும் செய்து முடிக்க வேண்டிய வேலைகள் என்பதே அது. பாடம் கடினம் என்பது அவர்கள் குறையாக இல்லை. பொருளில்லாத வேலை நேரத்தைத் தின்கிறது என்பதுதான் குறை.

தூக்கத்தின் பக்கம் வந்தால் சான்றுகள் இன்னும் உறுதியானவை. 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இரவில் எட்டு முதல் பத்து மணிநேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் பத்துக்கு ஏழு பேருக்கு மேல் பள்ளி நாட்களில் எட்டு மணிநேரம்கூடத் தூங்குவதில்லை என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. பருவ வயதில் உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் சுரப்பு இரவில் தாமதமாகவே தொடங்குகிறது. சீக்கிரம் படு என்று அதட்டி அதை மாற்ற முடியாது. அதனால்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2014-இல், நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகள் 8.30-க்கு முன் தொடங்கக் கூடாது என்றது. சியாட்டில் நகரம் 2016-இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.50-லிருந்து 8.45-க்கு மாற்றியது. வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மாணவர்களின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்தபோது தூக்கம் 34 நிமிடம் கூடியிருந்தது. ஏழை மாணவர்கள் மிகுந்த ஒரு பள்ளியில் வருகைப் பதிவும் மேம்பட்டது.

இந்த இரு பக்கத்தையும் இணைக்கும் ஆய்வு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து 2013-இல் வந்தது. 535 மாணவர்கள் 9, 10, 12-ஆம் வகுப்புகளில் ஒவ்வொரு முறையும் 14 நாட்கள், எவ்வளவு நேரம் படித்தோம், எவ்வளவு நேரம் தூங்கினோம், மறுநாள் வகுப்பு எப்படிப் போனது என்று குறித்து வந்தார்கள். வழக்கத்தைவிட அதிக நேரம் படிக்கத் தூக்கத்தை விட்டுக்கொடுத்த இரவுக்கு மறுநாள், வகுப்பில் பாடம் புரியாமல் போவதும் தேர்விலோ ஒப்படைப்பிலோ சறுக்குவதும் கூடியிருந்தன. படிப்பதற்காக விழித்த இரவு படிப்பையே கெடுக்கிறது. சுமை கூடினால் தரம் கூடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிட நேரடியான மறுப்பு தேவையில்லை.

இந்தச் சான்றுகளின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். வீட்டுப்பாட ஆய்வுகளில் பெரும்பாலானவை மாணவர்கள் தாங்களே சொன்ன நேரத்தை நம்பியவை. இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடப்பதைக் காட்டுபவை, ஒன்றால்தான் மற்றது நடந்தது என்று நிறுவுபவை அல்ல. ஆனால் கணக்கெடுப்பு, நாட்குறிப்பு, மணிக்கட்டுக் கருவி, பல நாடுகளின் தேர்வு முடிவுகள் என்று வெவ்வேறு வழிகளில் போனவர்கள் எல்லோரும் ஒரே இடத்துக்கு வந்து சேரும்போது, அதற்கு எதிராக மூன்றரை, நான்கு மணிநேரச் சுமையை ஆதரிக்கும் சான்று எங்கே என்று கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடுகிறது.

சுமை எப்படிச் சேர்கிறது

யாரும் திட்டமிட்டு இதைச் செய்யவில்லை. வேதியியல் ஆசிரியர் நாற்பது நிமிட வேலை தருகிறார்; அவர் அளவில் அது நியாயம். வரலாற்று ஆசிரியர் இருபது பக்கம் படித்துவரச் சொல்கிறார், அதுவும் நியாயம். கணிதம், ஆங்கிலம், அயல்மொழி, கணினியியல் என்று ஒவ்வொருவரும் தம் பாடத்துக்குரிய பங்கைக் கேட்கிறார்கள். ஏழு நியாயங்களின் கூட்டுத்தொகை அநியாயமாக முடிகிறது. அந்தக் கூட்டலைப் போடுவது பள்ளியில் யாருடைய வேலையும் இல்லை. வீட்டில் ஏழு பேர் தனித்தனியே கடன் வாங்கி, மாதக் கடைசியில் கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் ஒருவர் சம்பளத்திலேயே வசூலுக்கு நிற்பது போன்ற நிலை. அந்தச் சம்பளக்காரர் இங்கே பதினைந்து வயதுப் பிள்ளை.

இதை மேலும் இறுக்குவது ஜி.பி.ஏ. எனப்படும் சராசரி மதிப்பெண். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை நான்கு ஆண்டுகளின் மதிப்பெண்ணும் கல்லூரி விண்ணப்பத்தில் ஏறுகிறது. வீட்டுப்பாடமும் சிறுதேர்வும் ஆய்வகக் குறிப்பும் அந்த மதிப்பெண்ணில் பங்கு வகிக்கின்றன. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பெற்றோருக்கு இந்த வேறுபாடு எளிதில் பிடிபடுவதில்லை. பிளஸ் டூவில் நாங்கள் படிக்காத படிப்பா, அதிகாலை நாலு மணிக்கு எழவில்லையா என்று அவர்கள் கேட்பதில் உண்மை உண்டு; நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளைக் கண்டவர்களுக்கு எந்தச் சுமையும் பெரிதாகத் தெரியாது. ஆனால் அந்த உழைப்பு ஒரு பொதுத்தேர்வை நோக்கிக் குவிந்தது. இடையில் ஒரு வாரம் தளர்ந்தால் அடுத்த வாரம் ஈடுகட்டலாம். மார்ச் மாதம் எழுதியதே கணக்கில் வந்தது. மேக்னெட் மாணவருக்கு நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய ஒவ்வொரு வாரமும் கணக்கில் வருகிறது. காய்ச்சலில் படுத்த மூன்று நாள்கூட ஒப்படைக்காத வேலையாகத் திரும்பி வருகிறது. அதோடு கல்லூரி அளவிலான ஏ.பி. பாடங்கள், மன்றங்கள், தன்னார்வப் பணி, போட்டிகள் என்று விண்ணப்பத்தை நிரப்பும் வேலையும் சேர்கிறது. தமிழ்க் குடும்பங்களில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் உண்டு. வார இறுதி நெருக்கடியில் பிள்ளைகள் முதலில் கைவிடுவதும் அதைத்தான்.

மறுப்புகளும் பதில்களும்

பிள்ளைகள் விரும்பித்தானே சேர்ந்தார்கள், முடியாவிட்டால் வீட்டருகே உள்ள பள்ளிக்குத் திரும்பலாமே என்பது முதல் மறுப்பு. விருப்பம் என்பது விவரம் தெரிந்து தருவதாக இருக்க வேண்டும். பாடப்பட்டியல், பரிசுகள், கல்லூரிச் சேர்க்கை எல்லாம் அறிமுகக் கூட்டங்களில் சொல்லப்படுகின்றன. இரவுக்கு எத்தனை மணிநேரம் என்ற எண் அவற்றோடு தரப்படுவதில்லை. பதின்மூன்று வயதில் எடுத்த முடிவு பதினாறு வயதின் உடல்நலத்தை விட்டுக்கொடுத்ததற்கான ஒப்புதல் ஆகாது. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி, மாணவர் தாங்குகிறாரா என்பதைத் தன் பொறுப்பிலிருந்து விலக்கிக்கொள்ளவும் முடியாது.

கல்லூரிக்கு இது பயிற்சி என்பது இரண்டாவது மறுப்பு. கல்லூரியின் கணக்கைப் பார்த்தால் இது நிற்காது. அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஒரு பருவத்தில் நான்கைந்து பாடங்கள் எடுக்கிறார். வகுப்பறையில் இருப்பது வாரத்துக்கு ஏறக்குறைய பதினைந்து மணிநேரம். வகுப்பு மணிக்கு இரண்டு மணி வீதம் வெளியே படித்தாலும் மொத்தம் 45. வகுப்புகளுக்கு நடுவே நூலகத்தில் உட்கார நேரம் உண்டு. வளாகத்திலேயே தங்குபவர்களுக்குப் பயணமும் இல்லை. பகல் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து, அதன் மேல் இரவெல்லாம் எழுதும் வாழ்க்கை கல்லூரியில் இல்லை. எந்த வேலையிலும் அது நியாயமும் இல்லை. கல்லூரிக்குத் தேவைப்படும் பயிற்சி, தன் நேரத்தைத் தானே பங்கிட்டு ஒரு பெரிய பணியை முடிப்பது. பங்கிட நேரமே இல்லாத பிள்ளை அதை எங்கே பழகும்?

கைபேசிதான் குற்றவாளி என்பது மூன்றாவது. கைபேசி கவனத்தைக் கெடுக்கிறது. ஒரு மணிநேர வேலை இரண்டாக நீள்கிறது. இதை மறுக்க வேண்டியதில்லை. வீட்டில் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் மேலே போட்ட கணக்கில் கைபேசிக்கு ஒரு நிமிடமும் ஒதுக்கப்படவில்லை. அது இல்லாமலேயே ஒன்றரை மணிநேரம் துண்டு விழுகிறது. ஒழுக்கமான பிள்ளைக்கும் போதாத நாளை, ஒழுக்கமின்மையைக் காட்டி நியாயப்படுத்த முடியாது.

சுமையைக் குறைத்தால் சாதனை போய்விடும் என்பது நான்காவது, கனமானதும் இதுதான். 1942-இல் வெஸ்டிங்ஹவுஸ் பெயரில் தொடங்கி, பின் இன்டெல் பெயரிலும் 2017 முதல் ரீஜெனெரான் பெயரிலும் நடக்கும் அறிவியல் திறன் தேடல் போட்டியில் பிளேர், தாமஸ் ஜெஃபர்சன் மாணவர்கள் தொடர்ந்து இடம்பிடித்து வந்திருக்கிறார்கள். அந்தப் பெருமையைக் கொண்டுவந்தது எது? பிளேரில் மூத்த மாணவர்கள் கோடையில் ஆய்வகங்களில் பயிற்சி பெற்றுச் செய்யும் ஆய்வுத் திட்டம். தாமஸ் ஜெஃபர்சனில் இறுதியாண்டில் துறைசார் ஆய்வகங்களில் செய்யும் வேலை. நீண்ட, தடைபடாத நேரத்தில், ஒரே கேள்வியோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியதால் வந்தவை அவை. அன்றாடப் பயிற்சித்தாள்கள் குறைந்தால் இந்த வேலைக்குத்தான் நேரம் கூடும். 1990, 2002 ஆண்டுகளின் தேசியத் தரவுகளில் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட பத்தாம் வகுப்பு மாணவர்களை ஆராய்ந்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வு, கணிதம், அறிவியல் பாடங்களில் வீட்டுப்பாட நேரத்துக்கும் அந்தப் பாடத்தில் பெற்ற மதிப்பெண்ணுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை; பொதுத் தேர்வு மதிப்பெண்ணோடு மட்டும் தொடர்பு கண்டது. வீட்டுப்பாடம் தேர்வுக்கான பழக்கத்தைத் தருகிறது என்று வைத்துக்கொள்ளலாம். மேக்னெட் பள்ளிகள் தேர்வுப் பழக்கத்துக்காக உருவானவை அல்லவே.

புலம்பெயர்ந்த பெற்றோரின் அச்சம் இவற்றைவிட ஆழமானது, மரியாதையோடு பதில் சொல்ல வேண்டியது. நியூஜெர்சியில் இந்திய, சீனக் குடும்பங்கள் நிறைந்த வெஸ்ட் வின்சர்–பிளெய்ன்ஸ்பரோ கல்வி மாவட்டத்தில் 2015-இல் கண்காணிப்பாளர் டேவிட் ஆடர்ஹோல்ட், மாணவர்களின் மன அழுத்தத்தைக் காட்டி இடைப்பருவ, இறுதித் தேர்வுகளை நீக்கி, வீட்டுப்பாடம் இல்லாத சில இரவுகளையும் அறிவித்தபோது பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். ஆசியப் பெற்றோரில் பலர், தங்கள் பிள்ளைகள் முன்னேறும் நேரத்தில் தரத்தைத் தளர்த்துகிறார்கள் என்று வருந்தினார்கள். அந்த நாட்டில் பரம்பரைச் சொத்தோ செல்வாக்கோ இல்லாதவர்களுக்குப் படிப்பு ஒன்றே பிடிமானம். அதைத் தளர்த்துவது போலத் தெரிவது எதுவும் அவர்களுக்குப் பயம் தருவது இயல்பு. ஆனால் பாடத்தைத் தளர்த்துவதும் பயனற்ற மணிநேரத்தை வெட்டுவதும் ஒன்றல்ல. அழுத்தத்தின் விலையும் சிறியதல்ல. 2018-இல் ராபர்ட் வுட் ஜான்சன் அறக்கட்டளையின் அறிக்கை ஒன்று, பதின்பருவத்தினரின் நலத்தைக் கெடுக்கும் முக்கியச் சூழல்களாக வறுமை, அதிர்ச்சி அனுபவம், பாகுபாடு இவற்றோடு, சிறந்து விளங்க வேண்டும் என்ற அளவுமீறிய அழுத்தத்தையும் சேர்த்தது. பிள்ளை கரையேற வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர், அது கரையேறும்போது தெம்போடு இருக்க வேண்டும் என்றும் ஆசைப்பட வேண்டும்.

யாருக்காகத் தொடங்கியவை இவை

மேக்னெட் பள்ளிகளின் பிறப்பை நினைவில் கொண்டால் இந்தச் சுமை இன்னொரு கோணத்திலும் தவறு என்பது தெரியும். இனப் பிரிவினையால் பிளவுபட்ட பள்ளிகளை, மாணவர்களைக் கட்டாயமாக வேறு பகுதிப் பள்ளிகளுக்கு பஸ்ஸில் அனுப்பி இணைக்க முயன்று, எதிர்ப்பு வலுத்த 1970-களில், சிறந்த பாடத்திட்டத்தைக் காட்டி எல்லா இனத்தவரையும் தாமாகவே ஒரே பள்ளிக்கு வரவழைக்கும் வழியாகத்தான் இவை அமெரிக்க நகரங்களில் பரவின. மத்திய அரசின் நிதியும் அந்த நோக்கத்துக்காகவே வந்தது. பிளேரின் மேக்னெட்டும் அந்த ஒருங்கிணைப்பு முயற்சியிலிருந்தே பிறந்தது. சேர்க்கையில் யாருக்கு எத்தனை இடம் என்று அமெரிக்காவில் நீதிமன்றம் வரை வழக்காடுகிறார்கள். உள்ளே வந்தபின் யார் நிலைத்து நிற்கிறார்கள் என்பதைத் தீர்மானிப்பது இரவுச் சுமை. காரில் கொண்டுவிடப் பெற்றோருக்கு நேரம் இருக்கும் பிள்ளை, தனி அறை உள்ள பிள்ளை, கோடையிலேயே அடுத்த ஆண்டுப் பாடத்தைத் தனிப்பயிற்சியில் முடித்துவிட்ட பிள்ளை தாக்குப்பிடிக்கும். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டிய, மாலையில் கடையில் வேலை செய்ய வேண்டிய, இரண்டு பஸ் மாற வேண்டிய பிள்ளைக்கு அதே மூன்றரை மணிநேரம் ஐந்து மணிநேரமாகக் கனக்கும். வகுப்பறைக்குள் எல்லோருக்கும் ஒரே ஆசிரியர், ஒரே ஆய்வகம், ஒரே பலகை. வேலையை வீட்டுக்கு அனுப்ப அனுப்ப, வீடுகளுக்கிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பள்ளி தன் மதிப்பெண்ணுக்குள் அனுமதிக்கிறது. வாய்ப்பைப் பரப்பப் பிறந்த பள்ளிக்கு இது அடிப்படையிலேயே முரண்.

செய்ய வேண்டியவை

தீர்வுகள் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. முதலாவது, கூட்டிப் பார்க்க ஓர் ஆளை நியமிப்பது. ஒவ்வொரு மேக்னெட் திட்டமும் ஒரு மாணவர் இரவில் செலவிடும் மொத்த நேரத்துக்கு வரம்பு வைத்து, ஒன்பதாம் வகுப்புக்கு ஒன்றரை மணிநேரம், பன்னிரண்டாம் வகுப்புக்கு இரண்டரை மணிநேரம் என்ற அளவில், அதைப் பாடங்களுக்கிடையே பங்கிட வேண்டும். மாணவர்களிடம் பெயர் கேட்காமல் மாதம் ஒருமுறை உண்மையான நேரத்தை வாங்கிப் பதிவு செய்து, பெற்றோருக்கு வெளியிட வேண்டும். ஆசிரியர் இருபது நிமிடம் என்று நினைத்துத் தரும் வேலைக்கு மாணவர் ஐம்பது நிமிடம் எடுத்துக்கொள்வது அப்போதுதான் அவருக்கே தெரியவரும். இரண்டாவது, நாட்காட்டி. ஒரே நாளில் மூன்று தேர்வுகள் விழாமல் துறைவாரியாக நாள் ஒதுக்கலாம். ஒரு நாளில் ஏழு பாடங்களுக்குப் பதிலாக நான்கு பாடங்களை நீண்ட வகுப்புகளாக நடத்தும் முறை பல அமெரிக்கப் பள்ளிகளில் ஏற்கெனவே இருக்கிறது. மறுநாளைக்கு எழுத வேண்டியவை அதனால் குறைகின்றன. மூன்றாவது, பள்ளி நேரத்துக்குள்ளேயே வேலைக்கும் மன்றங்களுக்கும் இடம் தருவது. தாமஸ் ஜெஃபர்சனில் மன்றங்களுக்கும் கூடுதல் உதவிக்கும் எட்டாவது பீரியட் என்று ஒன்று பள்ளி நாளுக்குள்ளேயே உண்டு. மாலைக்குப் போக வேண்டியவை அங்கேயே முடிகின்றன. நான்காவது, பயிற்சிக்கான வீட்டுப்பாடத்துக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்துவது. தவறு செய்து கற்க வேண்டிய வேலைக்கு மதிப்பெண் வைத்தால் அது பார்த்தெழுதும் வேலையாக மாறிவிடும். ஐந்தாவது, பள்ளி தொடங்கும் நேரம். கலிபோர்னியா 2019-இல் சட்டம் இயற்றி, 2022 ஜூலையிலிருந்து பெரும்பாலான உயர்நிலைப் பள்ளிகளை 8.30-க்கு முன் தொடங்கவிடாமல் செய்திருக்கிறது. ஒரு மாநிலம் முழுவதற்கும் முடிந்தது ஒரு கவுன்டிக்கு முடியாமல் போகாது.

பெற்றோரின் பங்கும் இதில் சிறிதல்ல. பள்ளிகள் சுமையைக் குறைக்கத் தயங்குவதற்கு ஒரு காரணம், குறைத்தால் பெற்றோரே கோபப்படுவார்கள் என்ற அச்சம். அந்த அச்சத்தை நீக்க வேண்டியவர்கள் நாம்தான். எட்டுப் பாடம் எடுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு இன்னொரு ஏ.பி. சேர்க்கச் சொல்லாமல், தூக்கத்தின் நேரத்தை முதலில் குறித்துவிட்டு, மீதி நேரத்துக்குள் எது அடங்குமோ அதைத் தேர்ந்தெடுக்கப் பிள்ளைக்கு உதவ வேண்டும். இந்த ஆண்டு மேக்னெட் அறிமுகக் கூட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு பெற்றோரும் எழுந்து நின்று கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: உங்கள் மாணவர்கள் இரவில் சராசரியாக எத்தனை மணிநேரம் வீட்டுப்பாடம் செய்கிறார்கள்? எத்தனை மணிநேரம் தூங்குகிறார்கள்? இந்த இரண்டையும் கணக்கில் வைத்திருக்கும் பொறுப்பு உங்கள் பள்ளியில் யாருடையது? பதில் இல்லாவிட்டால் பதில் கிடைக்கும்வரை கேளுங்கள். கடினமான படிப்பைக் கேட்டு வாங்கத் தெரிந்த நமக்கு, பிள்ளைகளின் எட்டு மணிநேரத் தூக்கத்தையும் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும்.